நூற்றாறு துளைகளும் மேற்கொண்டு இரண்டும்

ஜொகூர் பாருவின் தம்போயில் தண்ணீர்த் தொட்டி, பேருந்து பம்பர், படகு மூடி என்று ஃபைபரில் சாமான் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே அமலநாதனுக்கு ஒரே வேலைதான். துளை போடுவது. பதினேழு வயதில் தொடங்கினார், இப்போது ஐம்பத்து நான்கு. மற்றவர்கள் கண்ணாடி நாரை அச்சில் விரித்து, ரெசின் ஊற்றி, காயவைத்து, பலகையாக்கி அவர் மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். எங்கே துளை, என்ன அளவு என்று பென்சிலில் குறித்திருக்கும். அவர் போட்டுக் கொடுப்பார்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால், "ஓட்ட போடுறேன்" என்பார். கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு, "ஒண்ணு போட்டுப் பாருங்க" என்பார்.

இரும்பில் துளை போடுவது வேறு. இரும்பு முழுக்க ஒரே பொருள். ஃபைபர் அப்படி இல்லை. நார் அடுக்கடுக்காகக் கிடக்கும், நடுவில் ரெசின் பசையாக நிற்கும். டிரில் பிட் நுழையும்போது மேல் அடுக்கைக் கவ்வித் தூக்கும். வெளியே வரும்போது இன்னும் மோசம். கடைசி இரண்டு அடுக்கு அறுபடுவதற்கு முன்னாலேயே முனை அவற்றைத் தள்ளிவிடும். அடிப்பக்கம் அப்பளம் போல் உப்பிப் பிளந்து, துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் விழும். துளை ஆறு மில்லிமீட்டர்தான், காயம் பத்து. போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டால் காயம் கண்ணில் படாது. பம்பர் கழன்று நடுரோட்டில் கிடக்கும் அன்றைக்குத்தான் படும்.

இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடம் அவர் துளை போட்ட பம்பர் ஒன்று திரும்பி வந்தது. அதை அறுத்து, துளைகளைக் குறுக்கே வெட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மறுநாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கினார். தேதி, எந்தப் பலகை, பிட் புதியதா தேய்ந்ததா, வெள்ளை வட்டத்தின் அகலம், கடைசிக் கட்டத்தில் 'தேறியது' அல்லது 'கோளாறு'. துளை பத்து மில்லிமீட்டர் என்றால் வட்டம் பதினொன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பலகை அவர் மேசையை விட்டு நகராது. முதலாளியே வந்து நின்றாலும் நகராது. அப்படி முப்பத்தோரு நோட்டு நிறைந்துவிட்டது. அந்த முதல் பம்பருக்குப் பிறகு அவர் போட்ட துளை எதுவும் திரும்பி வந்ததில்லை.

அவருடைய முறை இதுதான். பலகைக்கு அடியில் கட்டாயம் ஒரு மரக்கட்டை, கடைசி அடுக்கைத் தாங்கிக்கொள்ள. நாற்பது துளைக்கு ஒரு பிட். முடியப் போகும்போது கையை இளக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அவசரப்படாமல் சொன்னால், மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று. ஆமென் சொல்லும்போது பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் இடது கையால் காற்சட்டைப் பையில் இருக்கும் ஜெபமாலையில் ஒரு சின்ன மணியைத் தள்ளுவார். ஐந்து பத்து ஐம்பது, மேலே மூன்று, ஆக ஒரு சுற்றுக்கு ஐம்பத்து மூன்று. கை சிலுவையைத் தொட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து, பையில் போட்டு, டீ குடிக்கப் போவார்.

அவர் மனைவி டொரத்திக்கு இது பிடிக்கவில்லை. "ஜெபமாலைய வச்சு ஓட்ட எண்ற ஆளு ஜொகூர் பாருலயே நீங்க ஒருத்தர்தான்" என்று பங்குச் சாமியாரிடம் முறையிட்டாள். சாமியார் யோசித்துவிட்டு, ஒரு நாளைக்கு முந்நூறு ஜெபம் சொல்பவர் தம் பங்கில் வேறு யாரும் இல்லை என்றார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கல்யாண முக்காட்டு விஷயத்தில் மூடவில்லை. போட்ட துளையின் விளிம்பில் மெல்லிய வலைத்துணியைத் தேய்த்துப் பார்ப்பது அமலநாதனின் வழக்கம். ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி மாட்டும். அதற்கு டொரத்தியின் கல்யாண முக்காட்டைவிட நல்ல துணி எங்கும் கிடைக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் பாதி முக்காடு தீர்ந்துவிட்டது.

அடுத்த வீட்டு லெட்சுமணன் வந்து கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

லெட்சுமணன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிளார்க். தினமும் விடிவதற்கு முன்னால் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அவர் உடம்பு ஆடி யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஃபோட்டோ எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது மாதிரி நிற்பார். மகள் லோஷினிக்குப் போன வருடம் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடந்தபோது, மூன்று வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். மகள் எழுந்துவிட்டாள். ஆனால் அவர் முதுகெலும்பில் ஏற்கெனவே ஒரு தட்டு விலகியிருந்தது.

"டாக்டரு பதினஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதன்னுட்டாருண்ணே. கோயில்ல இருக்கிற காவடி எல்லாம் இரும்பு. முப்பத்தஞ்சு கிலோ."

"ஃபைபர்ல கேக்கிறியா?"

"அலகு எதுவும் இல்லண்ணே. வெறும் காவடிதான். மயில் இறகு, நூத்தியெட்டு மணி."

"நூத்தியெட்டு மணின்னா நூத்தியெட்டு ஓட்ட."

"ஆமாண்ணே."

லெட்சுமணனின் மனைவி செல்வராணி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "வெயிட்ட விடுங்கண்ணே. மத்தவங்க எல்லாம் ஆடிக்கிட்டு வருவாங்க. இவரு இமிகிரேசன்ல வரிசையில நிக்கிற மாதிரி வருவாரு. அதுக்கு ஒரு ஓட்ட போடுங்க."

லெட்சுமணன் தம் கால்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது முகத்தில் தெரிந்தது.

தொழிற்சாலையில் அப்போது வேறொரு பொருளும் வந்து இறங்கியிருந்தது. பெக்கான் நானாஸில் பட்டறைக்காரர்கள் சிலர் அன்னாசி இலையிலிருந்து நார் உரித்து, கண்ணாடி நாருக்குப் பதிலாக அதை ரெசினில் பதித்துப் பலகை செய்திருந்தார்கள். பரீட்சித்துப் பார்க்கச் சொல்லி எட்டுப் பலகை அனுப்பியிருந்தார்கள். அமலநாதன் அவற்றைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. அவர் பிறந்ததே பெக்கான் நானாஸில். அப்பா அம்மா இருவரும் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பள்ளி விடுமுறை முழுவதும் அந்த இலை அவர் முழங்காலைக் கீறியது. அதற்குப் பயந்துதான் பதினேழு வயதில் பஸ் ஏறினார். ரொஜாக் என்ற பழக்கலவையில் அன்னாசித் துண்டு வந்தால் இன்றைக்கும் ஒதுக்கி வைப்பார். இப்போது அந்த இலை பலகையாகி, அவரைத் தேடிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டது.

ஆனால் கண்ணாடிப் பலகையைவிட எடை குறைவு. முதலாளியிடம் கேட்டு இரண்டு பலகையை வாங்கிக்கொண்டார். பாரம் தாங்கும் வளைவுக்கும் முதுகுப் பலகைக்கும் கண்ணாடி. இரண்டு பக்க இறக்கைகளுக்கு அன்னாசி. மொத்தம் பதினொரு கிலோ வரும் என்று கணக்குப் போட்டார்.

கண்ணாடியில் துளை போடுவது அவருக்குப் பழகியது. தண்ணீர் சொட்டவிட்டு, கட்டை கொடுத்து, ஜெபமாலை ஒரு சுற்று முடிவதற்குள் ஐம்பத்து மூன்று துளை. துணி எதிலும் மாட்டவில்லை. நோட்டில் ஐம்பத்து மூன்று 'தேறியது'.

அன்னாசி அப்படி ஒத்துழைக்கவில்லை. கண்ணாடி நார் கோபக்காரன், தொட்டால் உடைவான். அன்னாசி நார் சோம்பேறி. பிட் வந்தால் வளைந்து வழிவிட்டு, பிட் போன பிறகு எழுந்து உட்காரும். முதல் துளையை எடுத்துப் பார்த்தால் விளிம்பெல்லாம் தாடி. தண்ணீர் விட்டால் நார் அதைக் குடித்து ஊறி, துளையே சுருங்கியது. தண்ணீர் விடாமல் வேகமாகச் சுற்றினால் சூடேறி, ரெசின் இளகி, கருகிய மட்டை நாற்றம் அடித்தது. எட்டு துண்டுப் பலகையைக் கெடுத்த பிறகு, தச்சர்கள் வைத்திருக்கும், ஓரத்தில் இரண்டு கூர்மையான கொம்பு உள்ள மர பிட்டைப் போட்டுப் பார்த்தார். கொம்பு முதலில் வட்டமாக நாரை அறுத்துவிட்டு, அதன் பிறகு நடுவைத் தோண்டியது. தாடி அரை மில்லிமீட்டருக்கு இறங்கியது. அதையும் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பில் ரெசின் தடவி மூடினார். ஒரு துளைக்கு இருபது நிமிடம். வேலை முடிந்த பிறகு, சனிக்கிழமைகளில் என்று மூன்று வாரம் போயிற்று. ஐம்பத்து மூன்றாவது துளை முடிந்து கை சிலுவையைத் தொட்டது. முத்தி செய்து, மாலையைப் பையில் போட்டு, டீ குடிக்கப் போனார்.

ஐம்பத்து மூன்றும் ஐம்பத்து மூன்றும் நூற்றாறு. வளைவின் உச்சியில் மேற்கொண்டு இரண்டு என்று அவரே பென்சிலில் குறித்திருந்தார். முப்பத்தேழு வருடமாகச் சிலுவையைத் தொட்டால் வேலை முடிந்தது என்று பழகிய கை அதை மறந்துவிட்டது.

தைப்பூசத்தன்று காலை ஆறரை மணிக்குக் கோயில் வாகன நிறுத்துமிடத்தில் காவடி தயாராக நின்றது. மயில் இறகு கட்டியாகிவிட்டது. அமலநாதனும் டொரத்தியும் பார்க்க வந்திருந்தார்கள். செல்வராணி மணிகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் உள்ளங்கையில் இரண்டு மணி மிஞ்சியது.

"கூட வாங்கிட்டியா?" என்றார் லெட்சுமணன்.

"எண்ணித்தான் வாங்கினேன். ஓட்டதான் ரெண்டு கம்மி."

அமலநாதனுக்கு உச்சியில் பென்சிலில் குறித்த இரண்டு புள்ளி ஞாபகம் வந்தது. கை தானாகப் பைக்குள் போய்ச் சிலுவையைத் தொட்டது.

"எம்மேலதான் தப்பு. அஞ்சு நிமிசம் குடு. மேல அவுத்துட்டு…"

வளைவின் உச்சி முழுவதும் மயில் இறகு அடர்ந்திருந்தது. அவிழ்த்தால் ஒரு மணி நேரம். முதுகுப் பலகைதான் வெறுமையாக இருந்தது. அதன் உட்பக்கம் வளைந்து, ஏற்கெனவே சுற்றிலும் மெத்தை தைத்திருந்ததால், கட்டை கொடுக்க இடம் இல்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் கோயில் தலைவரின் குரல் கேட்டது: "பதினாலாம் நம்பர் காவடி, பதினாலாம் நம்பர், முன்னுக்கு வாங்க."

லெட்சுமணன் பதினான்கு.

செல்வராணியின் தம்பி சுகுமாறன் காரிலிருந்து ஒரு டிரில்லோடு ஓடிவந்தான். அவன் எந்த வேலையையும் பாதிவரைக்கும் நன்றாகச் செய்கிறவன். "இந்தாங்கண்ணே. நேத்துதான் திரைக்கம்பி மாட்டச் செவுத்துல அடிச்சேன். சூப்பரா போவுது."

"இது சிமெண்டு பிட்டு. முனை மழுங்கிப் போச்சு. இத ஃபைபர்ல வச்சா…"

"ரெண்டு ஓட்டதானேண்ணே. கப்பலா கட்டுறோம்?"

அமலநாதன் டிரில்லை வாங்கினார். ஜெபத்தைத் தொடங்கினார். சரியாக அந்த நேரத்தில் பக்கத்தில் உறுமி மேளக்காரர்கள் தொடங்கினார்கள். இரண்டாவது சொல்லுக்கு மேல் அவருக்குத் தம் ஜெபமே கேட்கவில்லை. கை உறுமியோடு சேர்ந்து அழுத்தியது. மேளத்தின் நான்கு அடியில் பிட் மறுபக்கம் பாய்ந்தது. இரண்டாவது துளைக்கு மூன்று அடி.

உட்பக்கம் விரலை விட்டுத் தடவினார். அடுக்கு பிளந்து, இதழ் இதழாக எழுந்து நின்றது. அதன் நுனியில் கண்ணாடி ஊசிகள். துளை ஆறு மில்லிமீட்டர். வெள்ளை வட்டம் பதினாறு மில்லிமீட்டராவது இருக்கும். அந்தப் பக்கம்தான் லெட்சுமணனின் வெறும் முதுகில் படப்போகிறது.

"டேப் இருக்கா? ரெசின் வேணாம், ஒரு டேப்பாவது?"

சுகுமாறன் சந்தனத்தை அள்ளி இரண்டு துளையின் மேலும் அப்பினான். மேலே திருநீற்றைத் தூவினான். "முருகன் பாத்துப்பாருண்ணே."

காவடி ஏறியது. லெட்சுமணன் வழக்கம்போலத்தான் நடந்தார். செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள். இருநூறு அடி போவதற்குள் வேர்வையில் சந்தனம் கரைந்தது. முதலில் அவருடைய வலது தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு இடது தோள். பிறகு இரண்டும். ஒரு காலைத் தூக்கினார். மறு காலைத் தூக்கினார். முதுகை எங்காவது தேய்க்க வேண்டுமே, காவடி தோளில், இரண்டு கையும் காவடியில். ஒரு சுற்று சுற்றினார். உறுமிக்காரர் இதைக் கண்டு கிட்டே வந்து வேகத்தைக் கூட்டினார். லெட்சுமணனும் கூட்டினார்.

தெருவே நின்றுவிட்டது. "நம்ம லெட்சுமணனா அது?" என்று அதே தாமான் குடியிருப்பில் இருக்கும் ராஜம்மா கேட்டாள். கிடங்கில் அவரோடு வேலை செய்யும் இருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். தண்ணீர்ப் பந்தலில் யாரோ மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு முதுகில் ஊற்ற, கண்ணாடித் தூள் இடுப்புவரை இறங்கியது. அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டத்துக்கு மேளக்காரர்களே வழிவிட்டார்கள். வெள்ளையம்மா என்ற கிழவி அவர் காலில் விழுந்து, "சாமி, என் சங்கிலி காணாப் போயி ரெண்டு மாசமாச்சு" என்று அழுதாள். லெட்சுமணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பின்னால… பின்னால பாருங்க" என்றார். அவர் தம் முதுகைச் சொன்னார். கிழவி வீட்டுக்குப் போய் அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். சங்கிலி கிடந்தது.

கூட்டத்தில் அமலநாதன் மட்டும் தலையில் கைவைத்து நின்றார். "இது சாமி இல்ல டொரத்தி. என் ஓட்ட."

"சும்மா இருங்க" என்றாள் டொரத்தி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேர்த்திக்கடன் மூன்று வருடம் என்பதால் காவடியைக் கோயில் மண்டபத்திலேயே வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் அதன் முன்னால் வரிசை நின்றது. முதுகுப் பலகையில் இருந்த இரண்டு துளைகளையும் ஆட்கள் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்டவர்களுக்கு விரல் சுருசுருவென்றது, சிலருக்கு இரண்டு நாள் நீடித்தது. கோயில் தலைவர் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை எழுதி வைத்தார். வரிசை இரட்டிப்பானது.

அமலநாதன் நோட்டைத் திறந்தார். நூற்றாறாவது வரிக்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக இருந்தது. 'கோளாறு' என்று எழுதுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கோளாறான துளை அவர் மேசையை விட்டு வெளியே போனதாக அந்த நோட்டில் எங்கும் இல்லை. இது வெளியே போய், ஊர்வலம் போய், இப்போது சந்தனப்பொட்டோடு நிற்கிறது. அடுத்த தைப்பூசத்துக்கு லெட்சுமணன் அதையே சுமப்பார். அதற்கடுத்ததற்கும். உண்மையைச் சொன்னால் முப்பத்தேழு வருடப் பெயர் போகும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அந்த முதுகு போகும். ஒரு வாரம் ஜெபமாலையைத் துளைக்கு அல்லாமல் ஜெபத்துக்கே உருட்டிப் பார்த்தார். பிறகு ரெசின் டப்பா, உப்புத்தாள், துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். அமலநாதன் கையோடு கொண்டுபோயிருந்த துண்டுப் பலகையில் ஒரு நல்ல துளையையும், முதல் வருடம் திரும்பி வந்த பம்பரின் வெட்டுத் துண்டில் ஒரு கெட்ட துளையையும் காட்டி, அடுக்கு எப்படிப் பிளக்கும், ஊசி எப்படி உதிரும், உறுமிச் சத்தத்தில் ஜெபம் எப்படித் தவறியது என்று விளக்கினார்.

"ஆக, இது அருள் இல்ல, அரிப்புன்னு சொல்றீங்க."

"ஆமா தலைவரே. என் தப்பு. அடச்சிடுறேன்."

"நூத்தி ஆறு ஓட்டையும் ஜெபம் சொல்லித்தான் போட்டீங்க?"

"ஆமா."

"இந்த ரெண்டுக்கு மட்டும் ஜெபம் வரல. உறுமி வந்துச்சு."

"ஆமா. அதனாலதான்…"

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப சரியாத்தானே இருக்கு. நூத்தி ஆறு உங்க மாதா போட்டுக் குடுத்தது. மிச்சம் ரெண்ட முருகன் போட்டுக்கிட்டாரு. இத நான் வெள்ளிக்கிழமை மைக்ல சொல்லலாமா?"

அமலநாதன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். உண்மையைச் சொன்னதில் பெயர் போகவில்லை. அதைவிட மோசமாக, பெரிய பெயர் ஆகிவிட்டது. அந்த வாரத்திலேயே அதேபோல் காவடி வேண்டும் என்று நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அந்த ரெண்டு ஓட்ட அதே எடத்துல வரணும்" என்றார்கள். டொரத்தி அவர்களைக் கேட்டிலேயே அனுப்பிவைத்தாள்.

கடைசியில் லெட்சுமணனிடமே சொல்வது என்று முடிவெடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனார். லெட்சுமணன் பசியாறிக்கொண்டிருந்தார். சட்டை போடவில்லை. முதுகில் செம்புள்ளிகள் ஆறிக்கொண்டு இருந்தன.

"லெட்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஓட்டதானேண்ணே? உக்காருங்க. தோசை சாப்பிடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"டாக்டரு லென்ஸு வச்சுப் பாத்து ஒவ்வொண்ணா புடுங்கினாரு. பதினேழு ஊசி. கண்ணாடித் தூள்ல படுத்தியான்னு கேட்டாரு."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

லெட்சுமணன் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஆடத் தெரியாதுண்ணே. கை கால் எங்க போவணும்னு தெரியாது. அன்னைக்கு மொதல்ல அரிப்புதான். சத்தியமா சாமி இல்ல. வலிதான். ஆனா பாதித் தூரம் போனதும் அரிப்பு எங்க போச்சுன்னே தெரியலண்ணே. ஆட்டம் மட்டும் நிக்கல. லோஷினி கூடவே ஓடியாந்தா. அழுதுகிட்டே ஓடியாந்தா." தட்டில் இருந்த சட்னியை விரலால் வழித்தார். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. எனக்கு ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒண்ணு வேணும். பழைய மோட்டாருக்கு கிக்கர் மாதிரி."

"கண்ணாடி ஊசிய உம் முதுகுல நான் விடமாட்டேன்."

"ஒண்ண அடச்சிருங்க. ஒண்ண விடுங்க."

"ஒண்ணும் விடமாட்டேன்."

"அப்ப நான் இமிகிரேசன் வரிசைதாண்ணே."

அமலநாதன் ஒரு தோசையை முழுதாகத் தின்று முடித்தார். பிறகு, "அன்னாசி குத்தாது" என்றார்.

"என்னண்ணே?"

"அன்னாசி நாரு. சரியா அறுபடலன்னா தாடி மாதிரி நிக்கும். குத்தாது, உள்ள போவாது. கூசும்."

காவடிக்குச் சொந்தக்காரரான லெட்சுமணனே கேட்டுக்கொண்டதால் தலைவர் அதைப் பழுதுபார்க்கவிட்டார், ஒரு நிபந்தனையோடு: இரண்டு துளையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அமலநாதன் முதுகுப் பலகையைக் கழற்றி, கெட்ட பாகத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார். அந்த இடத்தில் அன்னாசிப் பலகைத் துண்டை வைத்து ரெசினில் ஒட்டினார். நூற்றேழாவது துளையைக் கொம்பு பிட்டால், கட்டை கொடுத்து, ஜெபத்தோடு போட்டு, தேய்த்து மூடினார். துணி வழுக்கிக்கொண்டு போனது. தேறியது.

நூற்றெட்டாவதுதான் வரவில்லை.

கெட்ட துளை போட அவருக்குத் தெரியவில்லை. துண்டுப் பலகையில் பழகிப் பார்த்தார். தேய்ந்த பிட்டைத் தேடினார். அவர் பெட்டியில் தேய்ந்த பிட்டே இல்லை. பழைய இரும்புச் சாமான் கடையில் ஐந்து வாங்கிவந்தார். கட்டையை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். எல்லாம் சரியாகக் கெட்டதாகவே அமைந்தது. ஆனால் பிட் கடைசி அடுக்கை நெருங்கியதும் கை தானாக இளகியது, உதடு ஆமென் என்றது. தாடி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. பதினோரு துளை போட்டார். பதினொன்றும் சுமாராக நல்ல துளை.

சுகுமாறனைக் கூப்பிட்டார். அவன் மேசையையும், வரிசையாக அடுக்கியிருந்த நோட்டுகளையும், முக்காட்டுத் துணியையும் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலைக்கு முன்னால் கையைக் கழுவினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக இறக்கினான். துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் மாட்டவே இல்லை.

"எப்படிண்ணே?" என்றான் பெருமையாக.

"உருப்படமாட்ட. ஒரு வேலைய ஒழுங்கா கெடுக்கத் தெரியுதா உனக்கு?"

சுகுமாறன் முகம் வாடி நின்றான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, தைப்பூசத்தன்று எடுத்த வீடியோவைத் தேடி, சத்தத்தை முழுசாகக் கூட்டி மேசைமேல் வைத்தான். உறுமி தொடங்கியது. தொழிற்சாலையில் தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமலநாதன் துண்டுப் பலகையைத் தள்ளிவிட்டு நிஜப் பலகையை இழுத்தார். ஜெபமாலையைப் பையிலிருந்து எடுத்துத் தூரமாக வைத்தார். டிரில்லை ஏந்தினார்.

மூன்று அடி.

பலகையைத் திருப்பினார். துளையைச் சுற்றி நார் கொத்தாக, நெடுக, நனைத்துத் துவட்டிய பூனைக்குட்டி மாதிரி சிலிர்த்து நின்றது. உதிர்ந்த தூளை மட்டும் காற்றடித்துச் சுத்தமாக எடுத்தார். சட்டையைக் கழற்றி, பலகையைத் தம் முதுகிலேயே வைத்துச் சரிபார்த்தார். வலது தோள் ஒரு தடவை குலுங்கியது. எரியவில்லை. மறுபடி குலுங்கியது. சுகுமாறன் வாயைப் பொத்திக்கொண்டான்.

சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முப்பத்திரண்டாவது நோட்டைத் திறந்து அளவுகோலால் அளந்தார். பிறகு எழுதினார்:

துளை 108. அன்னாசி நார். பிட் தேய்ந்தது. கட்டை இல்லை. விளிம்பு நார் நீளம் நான்கு மில்லிமீட்டர். கோளாறு. வாடிக்கையாளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசி வரியைத் திரும்பப் படித்தார். பலகையைத் தாமே மேசையிலிருந்து எடுத்து, வெளியே கொண்டுபோகச் சொல்லிச் சுகுமாறனிடம் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.